இதயத்துக்குள் போகும் துணியை இட்லிப் பானையில் செய்து பார்ப்பது எப்படி

காரைக்குடியில் 28 வருஷம் தையல் டீச்சராக இருந்தேன். ஹெம்மிங், காஜா, குரோஷா பின்னல் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை இது. 2019-இல் என் வீட்டுக்காரருக்கு மகாதமனி வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் அது. வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு டேக்ரான் குழாய் வைப்போம் என்றார் டாக்டர். டேக்ரான் என்றால் என்ன சார் என்று கேட்டேன். "பாலியெஸ்டர்தான்மா, துணி" என்றார். அதற்குமேல் சொல்ல அவருக்கு நேரமில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாலியெஸ்டர்! வெயில் காலத்தில் உடுத்தாதீர்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்லிவந்த துணி. அன்று ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

இந்த வருஷம் பக்கத்து வீட்டு ஆச்சியின் மகனுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி என்னிடம் வந்து, "டீச்சர், துணியை வச்சுத் தைப்பாகளாமே, அது நஞ்சு போயிராதா?" என்று கேட்டார்கள். நைந்து போகாதா என்பதைத்தான் அப்படிக் கேட்டார்கள். வாயால் சொன்னால் மனசில் நிற்காது. அவர்கள் வீட்டு வளவிலேயே உட்கார்ந்து இரண்டு நாள் செய்து காட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் செய்வது புரிந்துகொள்வதற்கான மாதிரி மட்டும். சிகிச்சையைப் பற்றிய முடிவு உங்கள் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியது.

முதலில் துணியைத் தேர்ந்தெடுங்கள்

பழைய பாலியெஸ்டர் புடவையில் ஒரு துண்டு, பருத்திக் கண்டாங்கிப் புடவையில் ஒரு துண்டு, ஒரு பழைய பனியன், உடைந்த குடையின் துணி. இந்த நான்கும் போதும். புடவை முழுப் பாலியெஸ்டராக இருக்க வேண்டும், கலப்பு உதவாது. ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, நுனியில் கடுகு மாதிரி உருண்டையாகக் கெட்டிப்படும். அந்த உருண்டையை விரலால் நசுக்க முடியாது. இந்த உருகும் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

குழாய் தைப்பது, மடிப்பு வைப்பது

துடைப்பக் கட்டையில் ஒரு சாண் நீளம் அறுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், ஆவியில் இளகிவிடும். பாலியெஸ்டரில் 9 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நீளவாக்கில் மிஷினில் ஒரு தையல் போட்டால் குழாய் ஆகிவிடும். கட்டையில் தளர்வாக ஏறி இறங்க வேண்டும். கட்டை தடிமனாக இருந்தால் அதற்கேற்ப அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மடிப்பு வைப்பதற்கு முன்னால் இந்தக் குழாயைக் கையில் எடுத்து 'ப' மாதிரி வளைத்துப் பாருங்கள். வளைவில் சப்பையாக மடங்கி அடைத்துக்கொள்ளும். தோட்டத்து ஹோஸ் மடங்கினால் தண்ணீர் நிற்கிறதே, அதே கதை. நெஞ்சுக்குள் மகாதமனி கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து போகிறது. அங்கே இப்படி மடங்கினால் என்ன ஆகும்?

இதற்கு 1955-இல் ஸ்டெர்லிங் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு வழி காட்டினார். குழாயில் விசிறி மடிப்பு. அதை நீங்களே செய்யலாம். குழாயைக் கட்டையில் மாட்டுங்கள். ஒரு முனையைக் கெட்டியாகக் கட்டிவிட்டு, குரோஷா நூலை 3 மி.மீ. இடைவெளியில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் அகலம் சுற்றியதும், துணியை நூலோடு சேர்த்துக் கட்டப்பட்ட முனைப் பக்கம் தள்ளுங்கள். பாவாடை நாடாவில் சுருக்கம் கூடுவது மாதிரி மடிப்பு மடிப்பாகக் கூடும். திரும்பச் சுற்றுங்கள், திரும்பத் தள்ளுங்கள். கடைசியில் 30 செ.மீ. துணி ஒரு விரல் நீளத்துக்கு அடங்கிவிடும். முடிச்சுப் போடுங்கள்.

இட்லிப் பானையில் தட்டுக்கு மேலே வைத்து முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இறக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள். சூட்டோடு நூலை அவிழ்த்தால் பட்டபாடு வீண்.

காலையில் அவிழ்த்துப் பாருங்கள். அக்கார்டியன் பெட்டி மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வளைத்தாலும் அடைக்காது. இதையே கண்டாங்கித் துண்டிலும் செய்து பாருங்கள். அவிழ்த்ததும் அதுவும் அழகாகத்தான் நிற்கும். ஒரு முக்கு தண்ணீரில் முக்கி எடுங்கள், மடிப்பெல்லாம் கலைந்து சவசவவென்று தொங்கிவிடும். பாலியெஸ்டரோ ஈரத்திலும் அப்படியே நிற்கும். காரணம் இதுதான். 70, 80 டிகிரி சூட்டுக்கு மேலே போனால் பாலியெஸ்டரின் உள்கட்டு இளகும். ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே இறுகிவிடும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. காய்ச்சல் எவ்வளவு அடித்தாலும் அந்த மடிப்பை அதனால் கலைக்க முடியாது.

ஆச்சி அந்தக் குழாயை வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு மைக்கேல் டிபேக்கியின் கதையைச் சொன்னேன். ஹூஸ்டனில் இருந்த டாக்டர். சிறுவயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். 1950-களின் தொடக்கத்தில் நைலான் துணி வாங்க ஒரு கடைக்குப் போயிருக்கிறார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக டேக்ரான் வந்திருக்கிறது என்று கடையில் சொன்னார்களாம். அதை வாங்கிவந்து மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார். நைலான் உடம்புக்குள் நாளாக ஆக வலு இழக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. டேக்ரான் நின்றது. அந்தக் கடையில் அன்று நைலான் இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2005-இன் கடைசி நாளில், தம் 97-வது வயதில், அவருக்கே மகாதமனி கிழிந்தது. 2006-இல் அறுவை செய்து டேக்ரான் குழாயைத்தான் அவருக்கும் வைத்தார்கள். அதற்குப் பிறகு 2008 வரை இருந்தார்.

தையல் இல்லாத குழாய்

நாம் தைத்த குழாயில் ஒரு குறை, அந்த நீளத் தையல். அதன் வழியாகக் கசியும், அந்த இடம் விறைப்பாகவும் இருக்கும். இப்போது வருகிற குழாய்களில் தையலே கிடையாது. இது எப்படி என்று எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் பக்கத்துத் தறிக்காரர். கண்டாங்கி நெய்கிறவர். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். "பாவு ரெண்டு அடுக்கு டீச்சர். நாடா போறப்ப மேலடுக்கை நெய்யும், திரும்பறப்ப கீழடுக்கை நெய்யும். ஓரம் ரெண்டும் தானா சேர்ந்திரும்." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நாடா என்றால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை. அவ்வளவுதான். தறியில் பார்க்கும்போது தட்டையான பட்டை, எடுத்து விரலை விட்டால் குழாய்.

இன்னொரு வழி பின்னல். பனியன் மாதிரி வட்டமாகப் பின்னிக்கொண்டே போவது. டிபேக்கிக்கு அப்படிப் பின்னும் மிஷினை வடிவமைத்துக் கொடுத்தவர் பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன்.

நெசவா, பின்னலா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கத்தரிக்கோலை எடுங்கள். கண்டாங்கியின் வெட்டிய ஓரத்தை நகத்தால் கீறினால் நூல் நூலாக உருவிக்கொண்டு வரும். பனியனின் ஓரம் சுருண்டுகொள்ளும், அப்படி உருவாது. ஊசி குத்தவும் பனியன்தான் மிருது. ஆனால் பனியனை இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், எவ்வளவு விரிகிறது! பின்னிய குழாய்கள் உள்ளே போன பிறகு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடிய இடத்துக்கு நெய்த குழாயையே பெரும்பாலும் வைக்கிறார்கள். ஓரம் உருவாமல் இருக்கச் சூடான முனையால் வெட்டுகிறார்கள். எரியும் ஊதுபத்தியால் உங்கள் பாலியெஸ்டர் துண்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போங்கள். நூல்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதில்லை.

ஒழுகுமா? தூணில் கட்டிப் பார்த்த சோதனை

ஆச்சிக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். துணி என்றால் ஓட்டை இருக்கும், ரத்தம் ஒழுகாதா?

ரத்தக்குழாய்த் துணியை உலகம் முழுக்கச் சோதிக்கும் முறை எளிமையானது. 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில், ஒரு சதுர செ.மீ. துணி வழியாக ஒரு நிமிடத்தில் எத்தனை மி.லி. தண்ணீர் போகிறது என்று அளப்பார்கள். டாக்டர் பி.பி. பார்த்துவிட்டு 120/80 என்கிறாரே, அந்த 120-தான் இது. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள். 163 செ.மீ. உயரத் தண்ணீர், அதாவது ஏறக்குறைய என் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அந்த அழுத்தத்தைக் கொடுத்துவிடும்.

கண்ணாடி மாதிரித் தெரியும் அரை அங்குல ஹோஸ் இரண்டு மீட்டர் வாங்கி, வளவுத் தூணில் நேராகக் கட்டினோம். கீழ் முனையில் துணியை வைத்து ரப்பர் பேண்டும் நூலும் போட்டு இறுக்கினேன். அந்த முனையிலிருந்து 163 செ.மீ. அளந்து ஹோஸில் ஒரு கோடு. மேலே புனல். ஆச்சியின் பேரன் ஸ்டூலில் ஏறி நின்று, தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தான். கீழே ஒரு அளவுக் குவளை, ஒரு நிமிடக் கணக்கு.

பனியனில் தண்ணீர் நிற்கவே இல்லை. பையன் ஊற்ற ஊற்ற அருவியாகக் கொட்டியது, கோடு வரை ஏற்றவே முடியவில்லை. கண்டாங்கியும் தாராளமாகவே விட்டது. குடைத்துணியில் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நூல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கசிவு குறைவு என்பதை ஆச்சி தாமாகவே சொல்லிவிட்டார்கள்.

சரி, நெருக்கமாக நெய்தால் போதுமே, எதற்கு ஓட்டை என்று கேட்கலாம். ஓட்டை கொஞ்சம் வேண்டும். 1947-இல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், ஒரு நாயின் இதயத்துக்குள் முன்பு தவறி இடப்பட்ட பட்டு நூல் தையல் ஒன்றைப் பார்த்தார். சில மாதங்களில் அதன்மேல் பளபளவென்று உடம்பின் சவ்வு படர்ந்திருந்தது. கிணற்றுச் சுவரில் பாசி படர்வது மாதிரி. ஒரு நூலில் படர்கிறது என்றால் துணியிலும் படருமே என்று, ஒரு பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்துப் பார்த்தார். அப்புறம் பாராசூட்டுக்கான வினியான் துணியில் செய்தார். 1952-இல் அதை எழுதி வெளியிட்டார். இந்தத் துறையே அங்கிருந்துதான் கிளம்பியது. துணியின் இடுக்குகளில் உடம்பின் திசு புகுந்து பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இடம் விட வேண்டும், ஆனால் முதல் நாள் ரத்தம் ஒழுகவும் கூடாது.

இரண்டையும் எப்படிச் சாதிப்பது? பழைய நாளில், வைப்பதற்கு முன்னால் நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே குழாயை நனைத்து, ரத்தம் உறைந்து ஓட்டைகளை அடைக்கும்படி செய்வார்கள். இப்போது ஜெலட்டின் அல்லது கொலாஜன் பூசியே வருகிறது. கேக் சாமான் கடையில் ஜெலட்டின் பொடி வாங்கி, வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, பனியன் துண்டில் இரண்டு கை பூசி நன்றாகக் காயவைத்துவிட்டு, திரும்ப ஹோஸில் கட்டிப் பாருங்கள். அருவியாகக் கொட்டிய அதே பனியன், மொடமொடவென்று நின்று தண்ணீரைத் தாங்கும். நேரம் போகப்போக ஊறி இளகும். உடம்பிலும் அந்தப் பூச்சு சில வாரங்களில் கரைந்துவிடும், அதற்குள் ஓட்டைகளை உடம்பே அடைத்துவிடும். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும் அப்புறம் துவைத்துப் போக்குவதும் நம் ஊருக்குப் புதிதா என்ன.

இங்கே சைவக் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஜெலட்டினும் கொலாஜனும் மாடு போன்ற பிராணிகளிடமிருந்து எடுப்பவை. திசு வால்வுகளும் மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்வதுதான். மனசில் உறுத்தல் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

டயாலிசிஸுக்காகக் கையில் குழாய் வைத்தவர்கள் இருப்பார்கள். அது பெரும்பாலும் துணியே இல்லை. டெஃப்லான் குடும்பத்துப் பொருளைச் சூட்டில் வெடுக்கென்று இழுத்து நுரை மாதிரி ஆக்கியது. 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த முறை. வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும், நூல் தெரியாது.

ஆச்சியின் கேள்வி

இப்போது வால்வுக்கு வருவோம். உலோக வால்வை நேராகச் சதையில் தைக்க முடியாது. அதனால் அதைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு நம் நாட்டுச் சரக்கு. 1990 டிசம்பர் 6-இல் முதன்முதலாக ஒருவருக்கு வைத்தார்கள். உலோகக் கூடு, உள்ளே சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டு, சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வளையம்.

ஒரு பழைய வளையலை எடுத்து, பனியன் பட்டையை அதன்மேல் உருட்டித் தைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடித்த துணியில் வெட்டிய ஒரு வட்ட ஓட்டையில் சுற்றிலும் தனித்தனித் தையலாகப் போட்டுப் பொருத்துங்கள். எல்லா நூலையும் முதலில் போட்டுவிட்டு, வளையத்தை நூல்களின் வழியே இறக்கி, கடைசியில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். அறுவையிலும் அந்த வரிசைதான். இளந்துணி கிழியாமல் இருக்கக் கோட்டுப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைப்போமே, அதே மாதிரி டெஃப்லான் கம்பளத் துண்டுகளைத் தையலுக்கு அடியில் வைக்கிறார்கள். டாக்டர் படம் போட்டு இதைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே கைவேலை.

நஞ்சு போயிராதா என்று ஆச்சி கேட்டதற்கு என் பதில் இது. புடவை எங்கே முதலில் நைகிறது? கொசுவம் உராயும் இடத்தில், கல்லில் அடித்துத் துவைக்கும் இடத்தில், வெயில் படும் மடிப்பில். நெஞ்சுக்குள் வெயில் இல்லை, கல் இல்லை. உராய்வு மட்டும்தான் கவலை. வால்வோ ஒரு நாளைக்கு லட்சம் தடவை திறந்து மூடும். 1960-களின் கடைசியில் ஸ்டார்-எட்வர்ட்ஸ் என்ற உருண்டை வால்வின் சில மாதிரிகளில், உருண்டை ஓடும் கம்பிகளின்மேலும் துணி சுற்றினார்கள். உருண்டை பட்டுப் பட்டு அந்தத் துணி நைந்தது, ரத்த அணுக்களும் உடைந்தன. அந்தப் பாடத்துக்குப் பிறகு, அசையும் உறுப்பு மோதும் இடத்தில் துணி வைப்பதில்லை. தையல் வளையத்தில் அசைவு கிடையாது. சதை அதற்குள் வளர்ந்து மூடிக்கொள்ளும்.

வீட்டில் நாம் பார்க்க வேண்டியது

துணி கெடுவது அரிது. அதில் கிருமி குடியேறுவதுதான் பெரிய ஆபத்து. இடுக்கு இடுக்காக இருக்கும் துணியில் கிருமி புகுந்தால் மருந்து எளிதில் எட்டாது. ஆகவே காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், இதய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கப் போகும்போது முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் மாத்திரை தேவைப்படும். பல் டாக்டரிடம் நாமாகவே சொல்ல வேண்டும்.

உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வகை மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ரத்தப் பரிசோதனையும் உண்டு. கீரை அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை மசியல், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்ற இறக்கம் கூடாது, அவ்வளவுதான். நெஞ்சில் துணிக்குழாய் மட்டும் வைத்தவர்களுக்கு பி.பி.தான் உயிர். என் வீட்டுக்காரருக்கு ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தியபோது வீட்டில் பெரிய சண்டை. இப்போது தினமும் காலையில் பி.பி. பார்த்து காலண்டரில் எழுதிவைக்கிறார். வருஷம் ஒரு ஸ்கேன்.

கடைசியாக அட்டை. வைத்த பொருளின் பெயர், அளவு, வரிசை எண் எல்லாம் எழுதிய ஒரு சின்ன அட்டையோ ஸ்டிக்கரோ ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். அறுவை நடந்த மருத்துவமனையில் எங்களுக்கு அதைக் கொடுக்கவே இல்லை. மூன்று தடவை பஸ் ஏறிப் போய், கோப்பைத் தேடவைத்து வாங்கினேன். பிறகு ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது அவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர் சட்டைப் பையிலும், ஒன்றைப் பிள்ளைகள் போனிலும் வையுங்கள்.

ஆச்சி அந்தப் பாலியெஸ்டர் குழாயைத் திருப்பித் தரவில்லை. மகனிடம் காட்ட வேண்டும் என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். நான் இன்னொன்றைக் கட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். பேரன் பள்ளிக்கு எடுத்துப்போகக் கேட்டிருக்கிறான்.